கைப்பிடி வைத்த குளம்

அம்மா வெட்டிய குளத்துக்கு மழை வருவதற்கு முன்பே சபைக் கமிட்டி வந்துவிட்டது. செயலாளர் எட்சன் மாமா குடையோடு முன்னால் நடக்க, மற்றவர்கள் அந்தக் குடை நிழலுக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள். புரட்டாசி வெயில் அப்படி. அஞ்சுகிராமம் போகிற ரோடு வளையும் இடத்தில் இருக்கிறது எங்கள் விளை, மிளகாய் நடும் தோட்டம். அங்கே நிற்கும் இரண்டு பனைகளின் நிழல் அந்தப் பனைகளுக்கே போதாது. வந்தவர்கள் குழியின் விளிம்பில் வரிசையாக நின்று, அடக்க ஆராதனைக்கு வந்தவர்களைப்போல உள்ளே பார்த்தார்கள். நீள்சதுரமான குழி. அடியிலும் பக்கங்களிலும் நீலத் தார்ப்பாய். ஒரு பக்கம் சிமெண்ட் படிகள். படிகளை ஒட்டி மேலிருந்து அடிவரை இறங்கும் ஓர் இரும்புக் கைப்பிடி. தண்ணீர் மட்டும் இல்லை.

“ரசலையா, இது என்னதுவே?” என்றார் எட்சன் மாமா.

“குளம்” என்றார் அப்பா.

“குளத்துக்கு எதுக்கு கைப்பிடி?”

அப்பாவிடம் பதில் இருந்தது. பதிலைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்பது கைக்குழந்தையின் நெற்றியில் சில சொட்டுத் தண்ணீர். குழந்தை அழும், கேக் வெட்டுவோம், முடிந்தது. அடுத்த தெருவில் பாஸ்டர் சிஜோ நடத்தும் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ஆட்களுக்கு வெள்ளை உடுப்புப் போட்டுத் தொட்டிக்குள் இறக்கி, முழுதாக முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டிக்குப் படி உண்டு, கைப்பிடி உண்டு, உள்ளே நீலப் பெயிண்டும் உண்டு. இங்கிருந்து அங்கே போகிறவர்களைப் பற்றி எங்கள் தெருவில் “முழுகிட்டாவ” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். சீட்டு பிடித்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவரைப் பற்றிப் பேசும் அதே குரலில். வேறு மாவட்டத்துக்காரர்கள் எங்கள் குளத்தைப் பார்த்திருந்தால் மீன் வளர்க்கப் போகிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை.

அதிலும் அப்பா கமிட்டி உறுப்பினர். ஞாயிறுதோறும் காணிக்கைப் பை எடுப்பவர். மெரூன் வெல்வெட் பை, இரண்டு பக்கமும் மரப்பிடி. வாரத்தில் ஆறு நாளும் கேள்விக்குறிபோல நடக்கும் அப்பா, அந்தப் பையைக் கையில் வாங்கியதும் நிமிர்ந்துவிடுவார். ஆலயத்தின் நடுவழியில் அவர் நடந்து வரும்போது பார்த்தால் வேறு யாருடைய அப்பாவோ என்று தோன்றும். பாட்டு முடிந்து பையை பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பும்போது பழையபடி எங்கள் அப்பாவாகிவிடுவார்.

குளம் அம்மாவின் யோசனை. விளையும் அம்மாவுடையது, கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது. அதில் வருடாவருடம் புரட்டாசி முடிய மிளகாய் நடுவார்கள், ஐப்பசி மழை வந்து பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் மழைக்கும் எங்களுக்கும் பேச்சு. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் மழை பேச்சு மாறியது. நாற்று நட்டு, காய்ந்து, பிடுங்கி அடுப்பில் வைத்து எரித்து முடித்த பிறகு வந்தது. சரி, இனி மழை வந்த பிறகு நடுவோம் என்று அடுத்த வருடம் காத்திருந்து, முதல் தூறலுக்கு நட்டார்கள். மறுநாள் மத்தியானம் ஒரு மாதத்து மழை மொத்தமாக விழுந்தது. ரோட்டுக்கு அடியில் இருக்கிற பாலத்தின் வழியாகப் பாய்ந்த தண்ணீர் எங்கள் விளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நாற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு, பக்கத்து விளை அன்னக்கிளி அக்காவின் வேலியில் கொஞ்சத்தைத் தொங்கப்போட்டுவிட்டு, மீதியோடு கடலுக்குப் போனது. அப்புறம் பங்குனி வரைக்கும் ஒரு சொட்டு இல்லை.

அதோடு அப்பா வெறுத்துவிட்டார். பிளாட் போட்டு விற்கும் குமாரதாசிடம் பேசி முடித்துவிட்டு வந்து, “கல்லு நட்டா மழ வேண்டாம் சத்தியபாயி” என்றார். விவசாயம் பற்றி அப்பா சொன்னதில் அதுவரை தப்பே கண்டுபிடிக்க முடியாத ஒரே வாக்கியம் அதுதான். அம்மா உடனே மறுக்கவில்லை. தண்ணீர் வெட்டிய தடத்தில் காலை வைத்து, மேலிருந்து கீழே நடந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மழ கொறையல. அதுக்கு நேரங்காலம் மறந்து போச்சு. வாற நேரத்துல பிடிச்சு வச்சாத்தான் உண்டு. ஒரே ஒரு மழைக்காலம் எனக்கு தாருங்க. இந்த வருசமும் மொளகா காஞ்சா நானே வந்து குமாரதாசுக்கு கையெழுத்து போடுதேன்.”

தண்ணீர் ஓடிய அதே தடத்தில் ஜேசிபி விட்டுக் குழி வெட்டியது அப்படித்தான். படி எதற்கென்றால், தண்ணீர் இறங்க இறங்க ஆளும் இறங்கி மொள்ள வேண்டும். கைப்பிடி எதற்கென்றால், அம்மாவுக்கு மூட்டு வலி. அது எங்கள் பழைய தொழுவத்தை இடித்தபோது மிஞ்சிய குழாய். இதில் வேதாகமத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை. ஆனாலும் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. படியையும் கைப்பிடியையும் எடுக்க வேண்டும். எடுக்கும்வரை பை எட்சன் மாமாவின் மச்சானிடம் இருக்கும்.

“மூட்டு வலி எனக்கா, கமிட்டிக்கா?” என்றாள் அம்மா.

“அக்கா, நாங்க சந்தேகப்படல. பாக்குதவங்க சந்தேகப்படக்கூடாதுல்லா” என்றார் எட்சன் மாமா, மிகவும் சந்தேகத்தோடு.

அந்த ஞாயிறு அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பை அவர் முன்னால் வந்தபோது காணிக்கை போட்டுவிட்டு, மரப்பிடியை ஒரு நொடி பார்த்தார். திங்கள் காலை என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப் பலகையும் பெயிண்டும் தந்தார். நாகர்கோவிலில் காலேஜுக்குப் போய்வரும் என்னால் வீட்டுக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் அது. அவர் சொன்னதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, ரோட்டைப் பார்த்து நட்டேன்: ‘இது ஞானஸ்நானத் தொட்டி அல்ல.’ அதுவரை அப்படி நினைக்காத பஸ் பயணிகளும் அன்று முதல் நினைக்க ஆரம்பித்தார்கள். வெயிலில் தார்ப்பாய் வெடிக்காமல் இருக்க அம்மா மேலே தென்னோலை முடைந்து போட்டாள். மறைக்கிறார்கள் என்றார்கள். ஓலையை எடுத்தோம். துணிந்துவிட்டார்கள் என்றார்கள்.

பலகையைப் பார்த்துத்தான் பாஸ்டர் சிஜோவும் வந்தார். பைக்கை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். கர்த்தர் ஒங்க உள்ளத்துல பேசியிருக்காருன்னு கேள்விப்பட்டேன்.”

“எங்கிட்ட பேசுனது எலும்பு டாக்டர்தான் பாஸ்டர்.”

பாஸ்டர் சிரித்தார். அவர் சபைத் தொட்டியில் விரிசல் விழுந்து தண்ணீர் நிற்கவில்லையாம், தேவைப்பட்டால் ஒரு நாள் இங்கே வரலாமா என்று கேட்டார். அப்பா வாழைக்குப் பின்னால் மறைந்துகொண்டார். அம்மா நாற்றுச் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “மொதல்ல தண்ணி வரட்டும். மொளகா குடிச்சு மிச்சம் இருந்தா பாப்போம்” என்றாள். பாஸ்டர் காலியான குழியைப் பார்த்து, “ஜெபிக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட அன்னக்கிளி அக்காவுக்குத் தாங்கவில்லை. அவர்கள் அய்யாவழி; கோயிலைப் பதி என்பார்கள்.

“ஏட்டி சத்தியபாயி, நாங்களும் பதிக்கு போனா முத்திரிக் கெணத்துல குளிச்சிட்டுத்தான் உள்ள போறோம். ஒரு கமிட்டியும் வந்து எட்டிப் பாக்கல. நீங்க நனையதுக்கு இம்புட்டு வழக்கா?”

அந்த நாற்றுச் சாக்குகள்தான் அம்மாவின் இரண்டாவது தந்திரம். அந்த வருடம் அவள் நாற்றை நிலத்தில் பாவவில்லை. விளையின் ஓரம் முழுக்கச் சாக்குகளில் மண் நிரப்பி வளர்த்தாள். மழை எந்தக் கிழமை வந்தாலும் அன்றைக்கே நடலாம், வராவிட்டால் சாக்கிலேயே காத்திருக்கும். விளையில் வாய்க்கால் வாய்க்காலாகப் பறித்து, அடியில் கதம்பையை, அதாவது உரித்த தேங்காய் மட்டையை, கவிழ்த்து அடுக்கி மண்மூடி வைத்தாள். ஒரு தடவை நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தை விடாது. கல்யாண வீடு, சாவுக்குப் பிந்தைய விருந்து நடக்கும் அடியந்திர வீடு என்று எங்கே சமையல் நடந்தாலும் சாப்பாட்டுக்கு முன்பே அம்மா சாக்கோடு போய்க் கதம்பை பொறுக்கினாள். சுமந்தது நான். ரசலையன் குடும்பம் மதமும் மாறி மட்டையும் பொறுக்குகிறது என்று ஷைஜா சித்தி மார்த்தாண்டத்திலிருந்து போன் செய்து அழுதாள்.

புரட்டாசி போனது. ஐப்பசி பாதி போனது. வானம் கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது. அப்பா மெலிந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னார்.

“திங்கக்கெழம வெல்டிங் கடை சிஜின் வாறான். கைப்பிடிய அறுத்துரலாம். படிய பொறவு பாப்போம்.”

அம்மா அவரைப் பார்த்தாள். வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய், முழங்காலில் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம் என்று அப்பாவின் முகத்தில் எழுதியிருந்தது.

மறுநாள் ஆராதனையில் பிரசங்கம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஜன்னல்கள் இருண்டன. தகரக் கூரையில் முதலில் யாரோ கல் எறிவதுபோல ஒரு சத்தம், அப்புறம் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல. போதகரின் வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் இடம் காலி. பாட்டுப்புத்தகம் மட்டும் பெஞ்சில் இருந்தது. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் சொல்வதற்கு முன் ஆலயத்தைவிட்டு வெளியேறுகிறவர்களைப் பற்றி அப்பாவுக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. அந்த அபிப்பிராயங்களை எல்லாம் பெஞ்சிலேயே விட்டுவிட்டு அவர் எழுந்து ஓடினார். பின்னால் நான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்பட்டியோடு குளத்தின் விளிம்பில் நின்றாள். பாலத்திலிருந்து தண்ணீர் சிவப்பாகச் சீறிக்கொண்டு வந்தது. வந்தது குளத்துக்குள் இறங்கவில்லை. தண்ணீர் நுழையும் வாய்ப்பக்கத்தில் ரோட்டுக் குப்பையெல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குளத்தைச் சுற்றிக்கொண்டு, அதற்குக் கீழே மிஞ்சியிருந்த போன வருடத்துத் தடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, கதம்பை புதைத்த வாய்க்கால்களைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்திருந்தது. விளிம்பிலிருந்து மம்பட்டியால் எட்டவில்லை. படியில் இறங்கி, உள்பக்கமிருந்துதான் பிடித்து இழுக்க வேண்டும். அம்மா ஒரு காலைப் படியில் வைத்தாள், முழங்கால் மடங்கவில்லை, திரும்ப எடுத்தாள்.

“அபினேசு, நீ எறங்காத. இழுத்துரும்” என்று என்னைத் தள்ளினார் அப்பா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் பேனா. அவர் கைப்பிடியைப் பிடித்தார். மறுநாள் அறுப்பதாக இருந்த அதே கைப்பிடி. படிப்படியாக இறங்கினார். ஒழுகி நிறைந்திருந்த தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. இடது கை குழாயை விடாமல் இறுகப் பிடித்திருக்க, வலது கையை அடைப்புக்குள் நுழைத்து இழுத்தார். பாட்டில்கள் வந்தன. ஒரு செருப்பு வந்தது. பிறகு நீளமாக எதுவோ சிக்கியது. அப்பா பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

வாய் திறந்துகொண்டது. ஓர் ஆள் உயரத் தண்ணீர் அப்பாவின் மேலே அப்படியே விழுந்தது. வேட்டி, சட்டை, தலை, எதுவும் தெரியவில்லை. கைப்பிடியில் ஐந்து விரல் மட்டும் தெரிந்தது. அம்மா “அய்யோ” என்றாள். அடுத்த நொடி விரலைத் தொடர்ந்து கையும் கையைத் தொடர்ந்து அப்பாவும் சிவப்புத் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தார். மற்ற கையில் கிழிந்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. ‘வீட்டுமனைகள் விற்பனைக்கு’, பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கும் குமாரதாஸ். அதைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து அப்பா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அது எந்தச் சபையின் பாட்டுப்புத்தகத்திலும் இல்லாத சத்தம்.

அதற்குள் ஆராதனை முடிந்திருந்தது. ரோட்டில் குடைகள் வரிசையாக நின்றன. எட்சன் மாமாவின் குடையும் இருந்தது. வெள்ளை உடுப்பில், படி வைத்த குளத்தில், கை உயர்த்தி ஆர்ப்பரித்தபடி நின்ற கமிட்டி உறுப்பினரை அவர்கள் பார்த்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து மழையைத் தாண்டிக் கேட்டது அன்னக்கிளி அக்காவின் குரல்.

“ஏட்டி சத்தியபாயி! ஒம் மாப்பிள முழுகிட்டாருட்டி!”

அப்பா படியேறி மேலே வந்தார். ரோட்டில் நின்றவர்களைப் பார்த்தார். இனி மறைய வாழையும் உதவாது, பலகையும் உதவாது. மூக்கிலிருந்து சேற்றைத் துடைத்தார். பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, குளத்தில் தண்ணீர் படிப்படியாக ஏறுவதை, ஒவ்வொரு படியாக மறைவதைப் பார்த்தார். கையில் பை எதுவும் இல்லை. முதுகு நேராக இருந்தது.

“சிஜின்கிட்ட வராண்டாம்னு சொல்லிரு மக்கா” என்றார் என்னிடம்.

மழை வெறித்து ஓய்ந்ததும் அன்று மாலையே நாற்றை நட்டோம். அந்த வாரம் முழுக்கத் தூறியது. அப்புறம் மழை குழாயை மூடியதுபோல நின்றுவிட்டது. கார்த்திகை காய்ந்தது. மார்கழியில் வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியபோது, அதன் கீழே இருந்த செடிகள் எல்லாம் தலை தொங்கின. எங்கள் குளத்தின்மேல் முடைந்த ஓலை கிடந்தது. இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா காலையும் மாலையும் குடத்தோடு இறங்கினார், நான் வாங்கினேன், அம்மா செடி செடியாக வேரில் மட்டும் ஊற்றினாள். கதம்பை குடித்து வைத்துக்கொண்டது. மிளகாய் பூத்தது, பிஞ்சு பிடித்தது, தை பிறந்தபோது விளையே தீப்பிடித்ததுபோல ஆனது. கையெழுத்துக்கு வந்த குமாரதாசுக்கு அப்பா ஒரு பை நிறையப் பச்சைமிளகாய் கொடுத்து, வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லி அனுப்பினார். என் தகரப் பலகையைப் பிடுங்கி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டாள் அம்மா. அது தன் ஆயுளில் உருப்படியாகச் செய்த முதல் வேலை.

எட்சன் மாமா வந்தது அப்போதுதான். குடை இல்லை, கமிட்டி இல்லை. கையில் இரண்டு குடம் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கத்திரித் தோட்டம். போர் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். அவர் பேச்சை எங்கெங்கோ ஆரம்பித்தார். போதகரின் இடமாற்றம், தன் மகள் ஜினியின் நர்சிங் பரீட்சை. அம்மா மிளகாய் பறித்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தன கொடம் வேணும்?”

“நாலு நாளைக்கு மட்டும் அக்கா. பிஞ்சு நிக்கி. கருகிப் போகுது.”

“எடுத்துக்கோ. நானா மோந்து தாறதுக்கு என் மூட்டு விடாது. நீதான் எறங்கணும்.”

எட்சன் மாமா படியைப் பார்த்தார். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது, அடிவரை போக வேண்டும். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்து பாஸ்டர் சிஜோவின் பைக் வந்து நின்றது. மிளகாய் வாங்க வந்தவர். நிலைமையைப் பார்த்து விளிம்பில் வந்து நின்று, கையை நீட்டினார்.

“கண்ணாடியும் போனும் தாங்க பிரதர். நனையாம நான் வச்சுக்கிடுதேன்.”

எட்சன் மாமா கொடுத்தார். கைப்பிடியைப் பிடித்தார். அதில் துருவுக்கு அப்பா புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். ஒரு படி. இன்னொரு படி. முழங்கால், தொடை, இடுப்பு. கண்ணாடி இல்லாததால் அவர் முகம் யாரையோ தேடுவதுபோல லேசாக மேல்நோக்கி இருந்தது.

“ரசலையா” என்றார் தண்ணீருக்குள்ளிருந்து. “வாற ஞாயித்துக்கெழம பை ஒம்ம கையிலதான். மச்சான்கிட்ட சொல்லியாச்சு.”

“அது கெடக்கட்டும்வே” என்றார் அப்பா, மேல்படியில் குனிந்து கையை நீட்டியபடி. “மொதல்ல கொடத்த முக்கும்.”

எட்சன் மாமா குடத்தை முக்கினார். நிறைந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்குமேல் கொடுத்தார். விளிம்பிலிருந்து தளும்பிய தண்ணீர் நெற்றியில் விழுந்து, மூடிய கண்களின்மேல் வழிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பாஸ்டர் கையில் கண்ணாடியை ஏந்தி நின்றார். பின்னால் மிளகாய் சிவந்து நின்றது. ரோட்டு வளைவில் அஞ்சுகிராமம் பஸ் வேகத்தைக் குறைத்துத் திரும்பியது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையைச் சட்டென்று பக்கத்தில் வைத்து, சேலைத் தலைப்பை இழுத்து, ஜெபத்துக்குப்போலத் தலையை மூடிக்கொண்டாள்.